கடலும் பெண்களும் சேர்ந்த ஆராய்ச்சிக்கு ஃபெல்லோஷிப்: எங்க தேடுறது?

அலைவாய்க்கரை எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். நான் எம்.எஸ்சி கடல் உயிரியல் கடைசி வருஷம் படிக்கிறேன். ஊரு ராமநாதபுரம் மாவட்டம், கடற்கரை கிராமம். எங்க ஊர்ல பாசி எடுக்கப் போற பொம்பளைங்க நிறைய பேரு, எங்க சின்னம்மாவும் அதுக்குத்தான் போறாங்க. விரலுக்குத் துணியைச் சுத்திக்கிட்டு, கண்ணுக்குக் கண்ணாடி மாட்டிக்கிட்டு, கால்ல பாறை கிழிக்காம இருக்க ரப்பர் செருப்பைப் போட்டுக்கிட்டு தீவுங்களைச் சுத்தி முங்கி முங்கி மரிக்கொழுந்து, கட்டக்கோரைன்னு சொல்ற பாசிங்களைப் பறிச்சு சாக்குல கட்டிக்கிட்டு வருவாங்க. மன்னார் வளைகுடா தேசியப் பூங்கான்னு 1986ல அறிவிச்சாங்க இல்லையா, 21 தீவும் அதுக்குள்ள போயிடுச்சு, அதுல இருந்து இவங்க அங்க போறதே தப்புங்கிற மாதிரி ஆகிப்போச்சு. போட்டுக்காரங்களோட கஷ்டம் பேப்பர்ல வருது, சங்கம் இருக்கு, பேச ஆள் இருக்கு. பாசி எடுக்குறவங்களைப் பத்தி எங்க பாடப்புத்தகத்துல ஒரு வரி கிடையாது, அகார்ங்கிற ஜெல்லியை எதுல இருந்து எடுக்குறாங்கன்னு மட்டும் ஒரு பக்கத்துக்கு இருக்கு.

எனக்கு இதைத்தான் ஆராய்ச்சியா பண்ணணும். கடல் பாதுகாப்பு விதி போடும்போது பொம்பளைங்க தொழில் எப்படிக் கணக்குல வராமப் போகுது, அவங்களே போட்டுக்கிட்ட கட்டுப்பாடு கடலுக்கு என்ன பண்ணுது, இந்த மாதிரி. டிபார்ட்மென்ட்ல கேட்டா "இது சோசியாலஜிம்மா, நம்மகிட்ட வராது"ன்னு சொல்றாங்க. சோசியாலஜி பக்கம் கேட்டா "நீ சயின்ஸ் ஸ்டூடன்ட், மெத்தட்ஸ் தெரியாதே"ங்கிறாங்க. நெட்ல தேடினா வர்ற ஸ்காலர்ஷிப் பாதி அமெரிக்கக் குடிமக்களுக்கு மட்டும்னு போட்டிருக்கு. வீட்டுல ஃபீஸ் கட்டி வெளிநாடு அனுப்புற நிலைமை சுத்தமா இல்ல, முழு உதவித்தொகை கிடைச்சாத்தான் உண்டு. பிஎச்டிக்கு நேரா போறதா, வெளிய இன்னொரு மாஸ்டர்ஸ் பண்றதா, இல்ல நெட் தேர்வு எழுதிட்டு இங்கயே இருக்குறதா? தெரிஞ்சவங்க யாராவது விவரமா சொல்லுங்க ப்ளீஸ்.

வடகடல் எழுதியது:

நான் ஜெர்மனில மீன்வள மேலாண்மை சம்பந்தமா பிஎச்டி பண்ணிட்டிருக்கேன், எனக்குத் தெரிஞ்சதைச் சொல்றேன் தங்கச்சி.

முதல்ல ஒரு விஷயம். "பெண்கள் சமத்துவம் + கடல்"னு பேர் வச்ச ஃபெல்லோஷிப்பைத் தேடாத. அப்படி ஒண்ணு ரெண்டு வரும் போகும். சுவீடன்ல மால்மோவுல இருக்குற உலகக் கடல்சார் பல்கலைக்கழகத்துல கனடா அரசோட பணத்துல "எம்பவரிங் விமன்"னு ஒரு திட்டம் நடத்தினாங்க, ஐ.நா கடல் அறிவியல் பத்தாண்டு 2021ல இருந்து 2030 வரைக்கும் ஓடுது இல்ல, அதுக்குள்ள பெண் விஞ்ஞானிகளோட நிலைமை என்னன்னு பார்க்க. அதுல பிஎச்டி இடமெல்லாம் இருந்துச்சு. அந்த மாதிரி எப்பவாவதுதான் வரும். அதுக்காகக் காத்துட்டு இருந்தா வயசுதான் போகும். அதே மாதிரி நிப்பான் ஃபவுண்டேஷன் பணத்துல ஓஷன் நெக்ஸஸ்னு ஒண்ணு, முதல்ல வாஷிங்டன் பல்கலைக்கழகத்துல இருந்துச்சு, இப்ப ரோட் ஐலண்ட்ல. கடல் விஷயத்துல யாருக்கு நியாயம் கிடைக்குது யாருக்குக் கிடைக்கலங்கிறதுதான் அவங்க ஆராய்ச்சியே. அங்க யார் யார் என்ன எழுதுறாங்கன்னு படி, உனக்கு கைடு அந்த மாதிரி கூட்டத்துல இருந்துதான் வருவாங்க.

மாஸ்டர்ஸ்னா என் ஓட்டு ஐரோப்பிய ஒன்றியம் பணம் கொடுக்குற எராஸ்மஸ் முண்டஸுக்கு. பெல்ஜியத்துல கென்ட் பல்கலைக்கழகம் தலைமையில ஐஎம்பிஆர்சீன்னு ஒரு கடல் உயிர்வள மாஸ்டர்ஸ் இருக்கு, ரெண்டு வருஷம், ஒண்ணுக்கு மேற்பட்ட நாட்டுல படிக்கலாம். ஸ்காலர்ஷிப் கிடைச்சா ஃபீஸ் கிடையாது, கைக்கு மாசம் 1,400 யூரோ வரும், டிக்கெட் வீசா வீட்டு வாடகை எல்லாம் அதுக்குள்ள பார்த்துக்கணும், சிக்கனமா இருந்தா தாராளமா போதும். இடம் கிடைக்கிறது வேற, ஸ்காலர்ஷிப்போட இடம் கிடைக்கிறது வேற, லெட்டர் வந்தா அதை நல்லாப் படிச்சுப் பாரு. விண்ணப்பம் பெரும்பாலும் அக்டோபர்ல இருந்து ஜனவரிக்குள்ள முடிஞ்சிடும்.

ஜெர்மனில ஃபீஸ் இல்லைன்னு எல்லாரும் சொல்வாங்க, பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகத்துக்கு அது உண்மைதான், ஆனா வீசாவுக்கு, மாசாமாசம் கொஞ்சம் மட்டும் எடுக்க முடியுற பிளாக்ட் அக்கவுன்ட்ல வருஷத்துக்குக் கிட்டத்தட்ட 12,000 யூரோ காட்டணும், அதை யாரும் முதல்ல சொல்றதில்ல. ஜெர்மன் கல்விப் பரிமாற்ற அமைப்பான டி.ஏ.ஏ.டியோட ஸ்காலர்ஷிப் இருந்தா அந்தத் தொல்லை இல்ல. அவங்களோட இபாஸ் திட்டத்துக்குப் படிப்பு முடிஞ்சு ரெண்டு வருஷ வேலை அனுபவம் கேட்பாங்க, டிகிரி வாங்கி ஆறு வருஷத்துக்கு மேல ஆகியிருக்கக் கூடாது. அதனால இப்பவே அது உனக்கு ஆகாது, ரெண்டு வருஷம் களத்துல வேலை பார்த்துட்டு வந்தா சரியா இருக்கும். பிரெமன்ல லைப்னிட்ஸ் வெப்பமண்டலக் கடல் ஆராய்ச்சி மையம் இருக்கு, அங்க பவளப்பாறை பார்க்குறவங்களும் மீனவர் சமூகத்தைப் பார்க்குறவங்களும் ஒரே கட்டடத்துல உட்கார்ந்திருக்காங்க. உன்கிட்ட இங்க "இது சோசியாலஜி"ன்னாங்க பாரு, அங்க அந்தப் பேச்சே வராது.

நார்வேயும் சிலர் சொல்வாங்க. ட்ரோம்சோவுல மீன்வளக் கல்லூரி நல்ல இடம், ஆனா 2023ல இருந்து ஐரோப்பாவுக்கு வெளிய இருந்து வர்றவங்களுக்கு மாஸ்டர்ஸுக்கு ஃபீஸ் போட்டுட்டாங்க, பழைய பிளாக் எதையாவது பார்த்து ஏமாந்துடாத. பிஎச்டி அங்க சம்பளம் வாங்குற வேலை, அதுக்கு ஃபீஸ் இல்ல.

கூகுள்ல முதல்ல வர்ற நான்சி ஃபாஸ்டர், நாஸ் இதெல்லாம் அமெரிக்காவுல படிக்கிறவங்களுக்கு, விட்டுடு. டபிள்யூ.டபிள்யூ.எஃப்போட ரஸல் ட்ரெய்ன் ஃபெல்லோஷிப் 1994ல இருந்து இருக்கு, இயற்கைப் பாதுகாப்பு படிக்கிறவங்களுக்குத்தான், ஆனா எந்த நாட்டுக்காரங்க, எந்தத் தலைப்புன்னு அவங்களே பட்டியல் போடுவாங்க. அந்தப் பட்டியல்ல நம்ம நாடு இருந்தா மட்டும் மேல படி.

மீன்வாசம் எழுதியது:

வடகடல் தம்பி வெளிநாட்டைப் பத்தி நல்லாச் சொல்லிட்டார், நான் உள்நாட்டைச் சொல்றேன்மா. நான் மீன்வள சமூகப் பொருளாதாரத்துல இருக்கேன், பசங்களோட புரபோசல் படிக்கிறது என் வேலையில ஒரு பகுதி.

நெட் எழுதிடு. அதுல யோசனையே வேண்டாம். அதுல ஜேஆர்எஃப்ங்கிற ஆராய்ச்சி உதவித்தொகை கிடைச்சா மாசம் 37,000, ரெண்டு வருஷம் கழிச்சு 42,000, வீட்டு வாடகைப்படி தனி. 2023ல இருந்து இந்தத் தொகை. அதைவிட முக்கியம், அந்தப் பணம் உன் பேர்ல வருது. கைடுகிட்ட புராஜெக்ட் இருக்கணும்னு அவசியம் இல்ல, அதனால தலைப்பை நீ சொல்லலாம். புராஜெக்ட் ஃபெல்லோவா சேர்ந்தா தலைப்பு அவங்க கையில. உன் மாதிரி ரெண்டு துறைக்கு நடுவுல நிக்கிற பிள்ளைக்கு இது எவ்வளவு பெரிய விஷயம்னு சேர்ந்த பிறகு தெரியும். சிஎஸ்ஐஆர் நெட்ல லைஃப் சயின்ஸ், யூஜிசி நெட்ல என்விரான்மென்டல் சயின்ஸ், ரெண்டுமே எழுதிப் பாரு. பொண்ணுங்களுக்கு வயசு வரம்புல 5 வருஷத் தளர்வு உண்டு.

வேற என்னன்னா, கூடப் பிறந்தவங்க இல்லாத ஒரே பொண்ணா இருந்தா பல்கலைக்கழக மானியக் குழுவான யூஜிசில சாவித்திரிபாய் ஜோதிராவ் புலே பேர்ல தனி ஃபெல்லோஷிப் இருக்கு, பிஎச்டில சேர்ந்த பிறகு போடணும். 27 வயசுக்கு மேல ஆயிட்டா அறிவியல் தொழில்நுட்பத் துறையோட வைஸ் பிஎச்டி, 45 வயசு வரைக்கும், கல்யாணம் குழந்தைன்னு இடைவெளி விழுந்தவங்களும் வரலாம். சமூக அறிவியல் பக்கம் பதிவு பண்ணினா சமூக அறிவியல் ஆராய்ச்சிக் கவுன்சிலான ஐசிஎஸ்எஸ்ஆரோட ஃபெல்லோஷிப் இருக்கு, தொகை கம்மி. எஸ்.சி, எஸ்.டி பிள்ளைங்களுக்கு வெளிநாடு போறதுக்கு நம்ம மாநில அரசோட அண்ணல் அம்பேத்கர் அயலக உயர்கல்வித் திட்டம் இருக்கு. ஒன்றிய அரசோட நேஷனல் ஓவர்சீஸ் ஸ்காலர்ஷிப்பை நம்பி இந்தத் தலைப்போட போறவங்க கவனமா இருங்க, 2022ல விதியை மாத்தி இந்தியாவைப் பத்தின சமூக ஆய்வுத் தலைப்புக்குக் கிடையாதுன்னு போட்டாங்க. மன்னார் வளைகுடா பெண்கள்னு எழுதினா அங்கேயே நின்னுடும். எனக்கு அதுல இன்னைக்கும் வருத்தம்தான். நம்ம சமூகத்தை நம்ம பிள்ளைங்க வெளியில போய் நல்ல கருவிகளோட படிச்சுட்டு வந்தா யாருக்கு நஷ்டம்?

இன்னொரு வழி நிறைய பேருக்குத் தெரியுறதில்ல. இங்க பிஎச்டி பதிவு பண்ணிட்டு, நடுவுல வெளிய போயிட்டு வரலாம். ஃபுல்பிரைட்-நேரு டாக்டரல் ஃபெல்லோஷிப் ஆறுல இருந்து ஒன்பது மாசம் அமெரிக்கா, காமன்வெல்த் ஸ்பிளிட்-சைட் ஒரு வருஷம் வரைக்கும் பிரிட்டன். களம் நம்ம ஊரு, மெத்தட்ஸ் அங்க போய்க் கத்துக்கலாம், சின்னம்மா வீட்டை விட்டு நாலு வருஷம் போக வேண்டியதும் இல்ல. உனக்கு இதுதான் பொருத்தம்னு என் மனசுக்குப் படுது.

மண்டபத்துல மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தோட மையம் இருக்கு, உப்பு மற்றும் கடல் வேதியியல் நிறுவனத்தோட பாசி ஆராய்ச்சி மையமும் அங்கதான், தூத்துக்குடில சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனம் பவளப்பாறைல பல வருஷமா வேலை பார்க்குது. எல்லாம் உன் வீட்டுக்குப் பக்கத்துல. கோடை இன்டர்ன்ஷிப்புக்கு ஒரு மெயில் போட்டுப் பாரு.

பவளம்85 எழுதியது:

தப்பா எடுத்துக்காதீங்க, மனசுல பட்டதைக் கேக்குறேன். நான் பவளப்பாறை சர்வேல டைவ் பண்றவன். கடல் சூடு ஏறி பவளம் வெளுத்துப் போறதைக் கண்ணால பார்க்குறேன். பாசியைக் கையால பிடுங்கும்போது அடியில இருக்குற செத்த பவளம் உடையுது, மேல நடக்கும்போது உடையுது, இதுவும் உண்மைதானே. கடல் படிப்புக்குன்னு இருக்குற பணமே கொஞ்சம். அதுல பெண்கள், சமத்துவம்னு பிரிச்சுக் கொடுத்தா கடலைப் பார்க்குறதுக்கு யார் இருக்கா? பெண்களோட பிரச்சினை நிஜம்தான், அதுக்கு வேற துறை இருக்கே. தங்கச்சி கடல் உயிரியல் படிச்சிருக்கு, அதை விட்டுட்டு ஏன் அங்க போகணும்?

மீன்வாசம் எழுதியது:

தம்பி, நல்ல கேள்வி. உங்க கவலையும் எனக்குப் புரியுது.

ஆனா கடல்ல இருந்து எவ்வளவு எடுக்குறாங்கங்கிற கணக்கே பெண்களை விட்டா தப்பாப் போயிடுது. சாரா ஹார்ப்பர்னு ஒரு ஆய்வாளர் 2020ல தன் குழுவோட உலகக் கணக்கு போட்டாங்க. சிறுதொழில் மீன்பிடியில பெண்கள் நேரடியாப் பிடிக்கிறது மட்டும் வருஷத்துக்குக் கிட்டத்தட்ட 29 லட்சம் டன். போட்டுல போய் வலை போடுறதைத்தான் மீன்பிடின்னு எண்ணிக்கிட்டு, கழிமுகத்துல நண்டு சிப்பி பொறுக்குறது, இறால் தடவுறது, பாசி எடுக்குறதெல்லாம் கணக்குல சேர்க்காம விட்டுட்டாங்க. 29 லட்சம் டன்னைப் பார்க்காம நீங்க கடல்ல மீன் எவ்வளவு இருக்குன்னு ஸ்டாக் அசெஸ்மென்ட் பண்ணினா அது எப்படி சயின்ஸ் ஆகும்? ஐ.நா உணவு வேளாண் அமைப்பும் கூட்டாளிகளும் 2023ல போட்ட அறிக்கையில, பிடிக்கிறதுக்கு முன்னாடி பின்னாடி வேலை எல்லாம் சேர்த்தா சிறுதொழில் மீன்வளத்துல 10 பேர்ல 4 பேர் பெண்கள்னு வருது.

ரெண்டாவது, பவளம் உடையுதுன்னு சொன்னீங்களே, அதை முதல்ல பேசி முடிவெடுத்தவங்கள்ல அந்தப் பெண்களும் உண்டு. மாசத்துல 12 நாள் மட்டும்தான் எடுக்கப் போறதுன்னு அவங்களே ஊர்க்கூட்டத்துல வச்சுக்கிட்டாங்க, இரும்புச் சுரண்டியை விட்டாங்க, ஏப்ரல் 15ல இருந்து 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் படகுகளுக்குத்தானே, ஆனா அந்த சமயத்துல பாசிக்கும் ஓய்வு விடுறாங்க. சின்னப்பாலத்துல பாசி எடுக்குற லட்சுமி மூர்த்திக்கு 2015ல, தீவுப் பாதுகாப்புக்குக் கொடுக்குற சீகாலஜி பரிசு கொடுத்தது இந்த வேலைக்குத்தான். அந்த 12 நாள் கட்டுப்பாட்டால பாசி திரும்ப வளருதா, பவளத்துக்கு என்ன ஆகுது, கட்டுப்பாடு எந்த ஊர்ல நிக்குது எந்த ஊர்ல உடையுது, ஏன் உடையுது? இதுக்கு டைவ் பண்ணத் தெரிஞ்சவங்களும் வேணும், அந்தப் பெண்களோட உட்கார்ந்து பேசத் தெரிஞ்சவங்களும் வேணும். ரெண்டும் ஒரே ஆள்கிட்ட இருந்தா அதைவிட என்ன வேணும் உங்களுக்கு?

இன்னொண்ணும் பாருங்க, கப்பாபைகஸ். நம்ம பக்கம் பெப்சி பாசின்னு சொல்றது. 2000த்தை ஒட்டி கம்பெனி மூலமா வந்துச்சு, மூங்கில் மிதவை கட்டி மகளிர் குழுக்கள் வளர்க்குறாங்க, தீவுக்குப் போய் முங்குறதுக்கு மாற்று வருமானம்னு அரசாங்கமும் ஊக்கம் கொடுக்குது, வளமாவூர்ல பாசிப் பூங்காத் திட்டம் வரைக்கும் வந்தாச்சு. ஆனா 2008லேயே குருசடைத் தீவு பக்கம் அது பவளத்து மேல படர்ந்திருக்குன்னு கரண்ட் சயின்ஸ்ல கட்டுரை வந்துச்சு. இப்ப அதை நிறுத்தணும்னா முதல்ல யாரோட வருமானம் நிக்கும்? நிறுத்தலைன்னா யாரோட பவளம் போகும்? இந்தக் கேள்விக்குள்ள கடலும் இருக்கு பெண்களும் இருக்காங்க, எந்தத் துறைன்னு நீங்க பிரிப்பீங்க?

பவளம்85 எழுதியது:

அக்கா, கட்டுப்பாடு எங்க நிக்குது எங்க உடையுதுங்கிற பாயிண்டை நான் யோசிச்சதில்ல. 12 நாள் விதி இருக்குற ஊரு, இல்லாத ஊருன்னு பிரிச்சு, சதுரச் சட்டம் வச்சு அதுக்குள்ள இருக்குறதை எண்ணுற குவாட்ராட் போட்டுப் பார்த்தா உண்மையிலேயே ஒரு நல்ல டிசைன். ஆனா ஒண்ணு, கடல் ஆராய்ச்சி குறையக் கூடாதுங்கிறதுல நான் மாறல. தங்கச்சி தண்ணிக்குள்ள அளக்குற பகுதியை விட்டுடாம வச்சுக்கோங்க. சர்வே மெத்தட் ஏதாவது வேணும்னா கேளுங்க, சொல்லித் தர்றேன்.

நெடுந்தீவான் எழுதியது:

வணக்கம் தங்கச்சி. நான் யாழ்ப்பாணம். எங்கட பக்கத்திலயும் இதே பிரச்சினைதான் எண்டபடியா எழுதுறன். இஞ்ச வடக்கில கரையோரத்துக் களப்புகளில கடலட்டைப் பண்ணை எண்டு வேலி அடைச்சுக் கொண்டு வருகினம். படகு வச்சிருக்கிறவை சங்கத்தில போய்க் கதைப்பினம். கரையில நடந்து திரிஞ்சு இறாலும் மட்டியும் பொறுக்கிற பெண்களுக்கு அந்த இடம் போனால் போனதுதான், ஆர் கேக்கிறது? யுத்தத்துக்குப் பிறகு குடும்பத்தைத் தனிய நடத்துற பெண்கள் கனபேர் இருக்கினம், அவைக்கு வலை வாங்கவும் காசில்லை, படகு வாங்கவும் காசில்லை, அந்தக் கரைதான் முதல்.

இலங்கையில இருந்து வாசிக்கிற பிள்ளைகளுக்குச் சொல்லுறன், ஆஸ்திரேலியா அவார்ட்ஸ் எங்கட நாட்டுக்கு இருக்கு, மாஸ்டர்ஸ் முழுச் செலவும் தருவினம். பிரிட்டன் குடுக்கிற காமன்வெல்த், செவனிங் ரெண்டுக்கும் போடலாம். செவனிங்குக்கு ரெண்டு வருச வேலை அனுபவம் வேணும், ஒரு வருச மாஸ்டர்ஸ் மட்டும்தான், படிச்சு முடிய ஊருக்குத் திரும்பி வரவேணும் எண்ட கட்டாயமும் இருக்கு. அது எனக்கு நல்ல விசயமாத்தான் படுது, படிச்சதுகள் எல்லாம் வெளியில நிண்டால் இஞ்ச ஆர் வேலை செய்யிறது.

இன்னொரு விசயம். பாக்கு நீரிணையின்ர ரெண்டு பக்கத்திலயும் பெண்களின்ர கரைத்தொழிலை ஒண்டா வச்சுப் பார்க்கிற வேலையை நான் வாசிச்சது குறைவு. இழுவைப்படகுப் பிரச்சினை எண்டு ஆம்பிளையளின்ர சண்டையை மட்டும்தான் எல்லாரும் எழுதுறாங்கள். நீங்கள் பின்னால எப்பவாவது அதைச் செய்யிறதெண்டால் இஞ்ச ஆக்கள் இருக்கிறம், கதையுங்கோ.

அலைவாய்க்கரை எழுதியது:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. இவ்வளவு விவரம் வரும்னு நினைக்கவே இல்ல. மீன்வாசம் அக்கா சொன்ன மாதிரி நெட், அப்புறம் இங்க பிஎச்டி, நடுவுல ஸ்பிளிட்-சைட் இந்த வழி எனக்கு ஒத்துவரும்னு தோணுது. எராஸ்மஸும் இந்த வருஷம் ஒரு தடவை போட்டுடுறேன்.

ஆராய்ச்சிக் கேள்வியை இப்படி எழுதியிருக்கேன், பாருங்க: "மன்னார் வளைகுடாவில் பெண் பாசி சேகரிப்போர் தாங்களே வகுத்துக்கொண்ட நாள் கட்டுப்பாடு, பாசியின் மறுவளர்ச்சியையும் பவளத்தளத்தின் நிலையையும் எவ்வாறு பாதிக்கிறது, எந்தச் சூழலில் அக்கட்டுப்பாடு நீடிக்கிறது?" ரொம்பப் பெருசா இருக்கா? அப்புறம் வெளிநாட்டு புரபசருக்கு மெயில் எப்படி எழுதுறதுன்னும் சொல்லுங்க. எங்க சீனியர்ஸ் ஒரே மெயிலை நூறு பேருக்கு அனுப்புவாங்க, யாரும் பதில் போடுறதில்ல. ஐஈஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வு கட்டாயமா? அதுக்கு ஃபீஸே பயமா இருக்கு.

வடகடல் எழுதியது:

கேள்வி அருமையா இருக்கு. பெருசுதான், ஆனா பிஎச்டிக்கு அந்த அளவு இருக்கலாம். மாஸ்டர்ஸ் விண்ணப்பத்துக்குப் பின் பாதியை மட்டும் வச்சுக்கோ.

மெயிலைப் பத்தி. "ரெஸ்பெக்டட் சார்"னு ஆரம்பிச்சு உங்க மதிப்புமிக்க ஆய்வகத்துல சேர ஆவலா இருக்கேன்னு போனா அங்கேயே மூடிடுவாங்க. அவங்க எழுதின ஒரு கட்டுரையை உண்மையிலேயே படி, அதுல உன் ஊருக்குப் பொருந்துற இடம் எது, பொருந்தாத இடம் எதுன்னு ரெண்டு வரி எழுது. அப்புறம் உன் கேள்வி. அப்புறம் உன்கிட்ட என்ன இருக்கு: பாசி இனம் பார்த்த உடனே சொல்லத் தெரியும், மொழி தெரியும், அந்தக் கரையில பொறந்தவ, வீட்டுலயே அந்தத் தொழில் இருக்கு. இதைச் சொல்ல வெக்கப்படாத. நம்ம பிள்ளைங்க சிஜிபிஏவை முதல் வரியில போட்டுட்டு இதை எழுதாம விட்டுடுறாங்க. வெளிய இருந்து வர்ற ஆய்வாளர் ஒருத்தர் வருஷக்கணக்கா பழகினாலும் சின்னம்மாகிட்ட கேட்டு உனக்குத் தெரிஞ்சது அவருக்குத் தெரியாது. மொத்தம் ஒரு பக்கத்துக்குள்ள முடி. பதில் வரலைன்னா ரெண்டு வாரம் கழிச்சு ஒரு தடவை ஞாபகப்படுத்து, அதுல தப்பில்ல.

ஐஈஎல்டிஎஸுக்குப் பதிலா ஆங்கில வழியில படிச்சேன்னு காலேஜ்ல வாங்குற லெட்டரை ஐரோப்பாவுல சில இடம் ஏத்துக்குது, சில இடம் ஏத்துக்காது, ஒவ்வொரு கோர்ஸ் பக்கத்துலயும் பார்த்துட்டு அப்புறம் பணம் கட்டு. அவசரப்பட்டு எழுதிடாத, ரெண்டு வருஷம்தான் அந்த மார்க் செல்லும்.

சிபாரிசுக் கடிதம் ரெண்டு மூணு கேட்பாங்க. டிபார்ட்மென்ட்ல ஒருத்தர், இன்டர்ன்ஷிப் பண்ற இடத்துல ஒருத்தர். தலைப்பே பிடிக்காதவர்கிட்ட வாங்காத, கடிதத்துல அது தெரிஞ்சுடும்.

கரையேறி எழுதியது:

நான் பாம்பன் பக்கம் தொண்டு நிறுவனத்துல வேலை பார்க்குறேன், ஃபெல்லோஷிப் எல்லாம் எனக்குத் தெரியாது, களத்தைப் பத்தி மட்டும் சொல்றேன் தங்கச்சி, ஏன்னா புரபோசல் எழுதும்போதே இதெல்லாம் உள்ள வரணும்.

தீவுப் பக்கம் தண்ணிக்குள்ள இறங்கி குவாட்ராட் போடுறதுன்னா வனத்துறை அனுமதி வேணும், சென்னையில தலைமை வன உயிரினக் காப்பாளர்கிட்ட இருந்து வரணும், நேரம் எடுக்கும். கரையில உட்கார்ந்து பேசுறதுக்கு அது வேண்டாம். அதனால முதல் வருஷம் கரை வேலை, அனுமதி வந்த பிறகு தண்ணி வேலைன்னு திட்டம் போட்டா சும்மா உட்கார வேண்டியிருக்காது.

அப்புறம் ரொம்ப முக்கியமான ஒண்ணு. ஒப்புதல் படிவம்னு ஒரு பேப்பர்ல பேரு, ஊரு, கையெழுத்து வாங்கச் சொல்லுவாங்க பல்கலைக்கழகத்துல. எங்க பொம்பளைங்க அந்தப் பேப்பரைப் பார்த்ததும் எழுந்து போயிடுவாங்க. பூங்கா எல்லைக்குள்ள போனேன்னு கையெழுத்துப் போட்டுக் கொடுத்த மாதிரி ஆகிடும் இல்லையா, நாளைக்கு அபராதம்னு வந்தா யாரு பொறுப்பு? வாய்வழி ஒப்புதல் போதும்னு எதிக்ஸ் கமிட்டிகிட்ட முன்னாடியே எழுதி வாங்கிடு, காரணத்தையும் எழுது, ஏத்துக்குவாங்க. அதே மாதிரி எந்தத் தீவுல எந்தப் பக்கம் பாசி எடுக்குறாங்கன்னு ஜிபிஎஸ் புள்ளி வச்சு மேப் போட்டுப் பேப்பர்ல வெளியிட்டுடாத. அறிவியலுக்கு அது அழகான படம், அவங்களுக்கு அது போய் நிக்கப் போற சோதனைச் சாவடி. ஊர் பேரைக்கூட மாத்திப் போடு.

பாசி எடுக்கப் போற நாள்ல கேள்வி கேட்கப் போகாத. விடியக்காலம் போட்டுல போயிடுவாங்க, மதியத்துக்கு மேல வந்து காயப் போட்டு எடை போட்டு முடிக்கவே நேரம் பத்தாது, எடை போடுற வியாபாரி முன்னாடி யாரும் மனசு விட்டுப் பேச மாட்டாங்க, அவர்கிட்டதான் முன்பணம் வாங்கியிருப்பாங்க. போகாத நாள்ல வா. ஒரு நாள் முழுக்க உன்கூட உட்கார வைக்கிறதா இருந்தா அந்த நாள் கூலியை பட்ஜெட்ல எழுது. கேள்வி கேட்டுட்டுப் போனவங்க நிறைய பேரு, எழுதினதைக் கொண்டுவந்து படிச்சுக் காட்டினவங்க ரொம்பக் கம்மி. தமிழ்ல ஒரு சுருக்கம் அடிச்சு ஊர்க்கூட்டத்துல படிக்கிறதுக்கும் ஒரு தொகை அதுலயே போட்டுடு.

மீன்வாசம் எழுதியது:

கரையேறி தம்பி சொன்னதை அப்படியே புரபோசல்ல எதிக்ஸ் பகுதியா எழுதும்மா. நான் படிக்கிற புரபோசல்ல பாதிக்கு மேல அந்தப் பகுதியில "உரிய அனுமதி பெறப்படும்"னு ஒரே ஒரு வரிதான் இருக்கும். வாய்வழி ஒப்புதல் ஏன், மேப் ஏன் போட மாட்டேன்னு காரணத்தோட எழுதியிருக்குற பிள்ளையைப் பார்த்தா களம் தெரிஞ்ச ஆள்னு உடனே தெரிஞ்சிடும்.

படிக்க வேண்டியதுல ரெண்டு. உணவு வேளாண் அமைப்போட சிறுதொழில் மீன்வள வழிகாட்டி, 2014ல வந்தது, அதுல 8வது அத்தியாயம் முழுக்க பாலின சமத்துவம். உன் தலைப்பு கடல் துறைக்குள்ள வராதுன்னு இனி யாராவது சொன்னா அதைக் காட்டு. அப்புறம் மீன்தொழிலாளர்களுக்கு ஆதரவா சென்னையில இருக்குற ஐசிஎஸ்எஃப் அமைப்பு நடத்துற யெமாயா இதழ், பெண்களும் மீன்வளமும் பத்தி மட்டும்தான், பழைய இதழெல்லாம் இலவசமாவே கிடைக்குது. கொச்சியில 2022 நவம்பர்ல மீன்வளத்துல பாலினம்னு ஆசிய மீன்வளச் சங்கத்தோட எட்டாவது மாநாடு நடந்துச்சு, அதோட சுருக்கத் தொகுப்பைத் தேடி எடு, இந்தியாவுல யார் யார் இந்த வேலை பண்றாங்கன்னு பேரோட இருக்கும். கைடு தேடுறதுக்கு அதைவிட நல்ல பட்டியல் இல்ல.

பழவேற்காட்டுப்பையன் எழுதியது:

நடுவுல ஒரு சந்தேகம். நான் பையன், மீன்வள அறிவியல்ல எம்.எஃப்.எஸ்சி. பழவேற்காட்டுல பாடு முறைல ஆம்பளைங்களுக்கு மட்டும்தான் ஏரில முறை வச்சு உரிமை, கையால இறால் பிடிக்கிற இருளர் பொம்பளைங்களுக்கு அதுல இடமே இல்ல. எனக்கு அதைப் பண்ண ஆசை. பையன்கள் இந்த மாதிரி தலைப்புக்கு விண்ணப்பிச்சா எடுப்பாங்களா?

மீன்வாசம் எழுதியது:

தாராளமா எடுப்பாங்க தம்பி. பெண்களுக்கு மட்டும்னு இருக்குறது வைஸ் பிஎச்டி, சாவித்திரிபாய் புலே இந்த மாதிரி சிலதுதான். நெட், ஃபுல்பிரைட், காமன்வெல்த், எராஸ்மஸ் எல்லாம் பொது. பாடு முறையில உரிமை வச்சிருக்குற ஆம்பளைங்ககிட்ட நீ போய் உட்கார்ந்து பேசலாம், அது உனக்கு வசதி. இருளர் பெண்கள்கிட்ட பேச ஒரு பெண் கூட்டாளியைச் சேர்த்துக்கோ, முடிஞ்சா அந்த ஊர்ப் பொண்ணாவே இருக்கட்டும், சம்பளத்தோட.

அலைவாய்க்கரை, எராஸ்மஸுக்கு எழுதுற லெட்டரை முதல்ல தமிழ்லயே எழுதி இங்க போடு. சரி பார்த்துட்டு ஆங்கிலத்துக்கு மாத்தலாம்.